குவாண்டைஸ் செய்தபின் கமகம் இடம் மாறுகிறது

கேள்வி: கியூபேஸ் என்னும் இசைப்பதிவு மென்பொருளில் ஒரு வீணைப் பகுதியை, கீபோர்டின் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தால் கமகம் சேர்த்துப் பதிவு செய்துள்ளேன். குவாண்டைஸ் செய்தால் (அதாவது சுரங்களைத் தாளக் கட்டத்தோடு பொருத்தினால்) சுரங்கள் நகர்கின்றன; சக்கரத்தால் சேர்த்த வளைவுகளோ பழைய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. இதற்கு வழி உண்டா?

பதில் 1: பிட்ச் பெண்ட் என்பது சுரத்துக்குள் அடங்காமல், சேனல் முழுவதற்கும் உரிய தனிச் செய்தியாக மிடியில் (இசைக்கருவிகளும் கணினியும் இசைத் தகவலைப் பரிமாறும் முறையில்) அமைந்திருப்பதே இதற்குக் காரணம். குவாண்டைஸ் பலகத்தில், சுரத்தோடு கன்ட்ரோலர்களையும் (பிட்ச் பெண்ட் போன்ற செய்திகளையும்) சேர்த்து நகர்த்தும் தேர்வை இயக்கிவிட்டு மீண்டும் செய்து பாருங்கள்.

பதில் 2: மேலே ஐயா கூறியது சரி. ஆயினும், கமகம் நிறைந்த பகுதியை 100 சதவீதம் கட்டத்தோடு பொருத்துவது வாசிப்பின் உயிரையே குறைத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. சுரங்களைச் சிறிது சிறிதாகக் கட்டத்தை நோக்கி நகர்த்தும் இட்டரேட்டிவ் குவாண்டைஸைக் கொண்டு பாதியளவு நெருக்கினாலே போதும்.

கேள்வி கேட்டவர்: இரண்டையும் செய்தேன், வளைவுகள் இப்போது சுரத்தோடு வருகின்றன. மிக்க நன்றி.