திவாலான மில்: சரக்கு கொடுத்தவருக்கு ஏன் கடைசிப் படி? (நூல்வியாபாரி, ஈட்டுக்கடன், வரவுசெலவு என்ற பெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.)

நூல்வியாபாரி: திவாலான கம்பெனியை விற்ற பணம் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று படிப்படியாக வரிசைப்படுத்தும் 2016 திவால் சட்டத்தின் 53ஆவது பிரிவு சப்ளையருக்கு அநியாயம். உதாரணத்துக்கு ஒரு மில்லை விற்று 50 கோடி வந்தது என்று வையுங்கள். நடைமுறைச் செலவு 3 கோடி முதலில் போகும். அடுத்த படியில் தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி 6 கோடியும், அடமானத்தை லிக்விடேட்டரிடம் (கம்பெனிச் சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிடுபவர்) விட்டுக்கொடுத்த பேங்கின் 88 கோடியும் சரிசமம். இருக்கும் 47 கோடியை 94 கோடிக்குப் பிரித்தால் ரூபாய்க்கு 50 காசு. அதோடு பணம் தீர்ந்தது. கடனுக்கு நூல் கொடுத்தவருக்குச் சல்லிக்காசு இல்லை.

ஈட்டுக்கடன்: சொத்தை ஈடாக நம்பித்தான் பேங்க் குறைந்த வட்டிக்குக் கொடுத்தது. அந்த உரிமையைப் பிடுங்கினால் நாளைக்கு ஒர்க்கிங் கேப்பிடல், அதாவது அன்றாடம் தொழில் நடத்தும் பணம், யார் கொடுப்பார்? உங்கள் பில்லும் அதிலிருந்துதான் பாஸாகிறது. பேங்குக்கும் கெடுபிடி உண்டு. 52ஆம் பிரிவுப்படி அடமானத்தைத் தானே விற்கப் போனால், வசூலாகாத மிச்சம் அரசு பாக்கியோடு கீழே இறங்கிவிடும். சார்ஜை, அதாவது சொத்தின் மேலுள்ள அடமான உரிமையை, ஆர்.ஓ.சி.யில் (கம்பெனிப் பதிவாளரிடம்) பதியவில்லை என்றால் லிக்விடேட்டர் அதைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்.

நூல்வியாபாரி: அடமானத்தோடு நான் போட்டி போடவில்லை. அடமானமே வாங்காத நிதி நிறுவனம் ஏன் சப்ளையருக்கு இரண்டு படி மேலே?

ஈட்டுக்கடன்: கம்பெனி தேறுமா என்று தொடக்கத்திலிருந்தே எடைபோடுபவர்கள் நிதிக் கடன் கொடுத்தவர்கள், சிக்கல் வந்தால் கடனைச் சீரமைக்கவும் செய்வார்கள். 2019 ஸ்விஸ் ரிப்பன்ஸ் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை ஏற்றது.

நூல்வியாபாரி: 90 நாள் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறவரும் எடைபோட்டுத்தான் அனுப்புகிறார். அதே 2019இல் வந்த திருத்தமும் கைகொடுக்கவில்லை. மில்லை இன்னொருவர் எடுத்து நடத்தினாலும் சப்ளையருக்கு உறுதியான குறைந்தபட்சம், இதே படிவரிசையில் என்ன கிடைக்குமோ அதுதான். மேலே போட்ட கணக்கில் அது பூஜ்யம்.

வரவுசெலவு: தீர்ப்பை விடுங்கள், ஒப்பந்தத்தைப் பாருங்கள். முழுப்பணம் வரும்வரை சரக்கு விற்றவருடையதே என்று எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இன்வாய்ஸின் அடியில் நீங்களாக அச்சடிக்கும் வரி வழக்கில் நிற்பது கஷ்டம். அடுத்தவர் சொத்து லிக்விடேஷன் கணக்கில் சேராது என்கிறது அதே சட்டத்தின் 36(4).

நூல்வியாபாரி: நூல் தறியில் ஏறித் துணியான பிறகு எதைத் திருப்பி எடுப்பது?

வரவுசெலவு: குடோனில் பிரிக்காமல் கிடக்கும் மூட்டைக்கு மட்டும்தான் அது உதவும், லாட் நம்பர் பில்லோடு ஒத்துப்போகவும் வேண்டும். மற்றதற்கு எல்.சி. (வாங்குபவருக்காகப் பணம் தருவதாக பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதம்) அல்லது பேங்க் கேரண்டி. மொராட்டோரியம், அதாவது திவால் நடைமுறையின்போது கடன் வசூலுக்குப் போடும் தடை, கேரண்டியைத் தடுக்காது, 14(3)ஐப் பாருங்கள்.

நூல்வியாபாரி: பெரிய மில் சின்ன சப்ளையருக்கு எல்.சி. திறந்து தராது. அதனால்தான் பிரிவையே மாற்றச் சொல்கிறேன். அடமானமில்லாத நிதிக் கடனும் சரக்குப் பாக்கியும் ஒரே படியில் நிற்கட்டும்.