பிஆர்எஸ்: ஓசியில் படிக்கிறோம், காசு கொடுக்கலாமா?

மலைக்கோட்டைவாசி எழுதியது:
இங்கே எந்த மசோதாவைப் பற்றிச் சண்டை வந்தாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது பிஆர்எஸ் சுட்டியைத் தூக்கிப் போடுகிறீர்கள். தெரியாதவர்களுக்கு: பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச், டெல்லியில் 2005இல் தொடங்கிய ஆய்வு அமைப்பு. நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாக்களுக்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். மசோதாவின் வாசகம், சுருக்கம், நிலைக்குழு அறிக்கை இருந்தால் அது, முக்கியமான மசோதா என்றால் சிக்கல்களை அலசும் குறிப்பு, எல்லாம் அங்கேயே கிடைக்கும். மாநில பட்ஜெட் அலசலும் உண்டு. படிக்கக் காசு கிடையாது. வேலையில் இருக்கிறவர்களாவது வருடம் ஒரு முறை ஒரு தொகை அனுப்பினால் என்ன? நான் அனுப்புவதாக இருக்கிறேன்.

திண்ணைப்பேச்சு எழுதியது:
அனுப்புங்கள், உங்கள் பணம். ஆனால் அதைக் கடமை மாதிரி பேசாதீர்கள். மசோதாவை மக்களுக்குப் புரியவைப்பது நாடாளுமன்றத்தின் வேலை. மக்களவைச் செயலகத்திலேயே லார்டிஸ் என்று நூலக, ஆய்வுப் பிரிவு இருக்கிறது. சட்டங்களுக்கு இந்தியா கோடு தளம், அவை விவாதங்களுக்கு நாடாளுமன்ற மின்நூலகம். எல்லாம் நம் வரிப்பணம். ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கட்டச் சொல்கிறீர்கள்.

பட்ஜெட்பித்தன் எழுதியது:
ஒரே வேலை இல்லை திண்ணை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 3 மக்களவையில் அறிமுகம். 7ஆம் தேதி அங்கே நிறைவேறியது, 9ஆம் தேதி மாநிலங்களவையில். 11ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். மசோதாவின் கடைசியில் 44ஆவது பிரிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)யை மாற்றியது அதுதான். தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்த உட்பிரிவில் இருந்த வாசகம் போய், தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆனது. மசோதாவைத் தனியாகப் படிக்கிறவனுக்கு அது ஒரு எண் மாற்றம் மாதிரிதான் தெரியும். பழைய சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசையும். ஒரு வாரத்துக்குள் அந்த வேலையை யார் செய்து நம் கையில் கொடுப்பது? லார்டிஸ் எம்.பி.க்களுக்காக இருக்கிற பிரிவு. நீங்களும் நானும் கேட்டால் அலசல் எழுதித் தரமாட்டார்கள்.

திண்ணைப்பேச்சு எழுதியது:
அப்படியென்றால் லார்டிஸைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அதை விட்டுவிட்டுத் தனியார் அமைப்புக்கு உண்டியல் குலுக்கினால், அரசு நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

பட்ஜெட்பித்தன் எழுதியது:
அமெரிக்காவில் அந்தக் கதை நடந்து முடிந்துவிட்டது. அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கென்றே 1914இல் தொடங்கிய ஆய்வுப் பிரிவு இருக்கிறது, லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குள். முழுக்க வரிப்பணம். ஆனால் அதன் அறிக்கைகள் உறுப்பினர்களுக்கு மட்டும்தான். பொதுமக்களுக்கு வேண்டுமென்றால் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் போய்க் கேட்டு வாங்கிக்கொள் என்ற நிலை. சில கம்பெனிகள் அவற்றைச் சேர்த்து வைத்து விற்றே பிழைத்தன. 2009இல் விக்கிலீக்ஸ் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகளை வெளியே கொட்டியது. 2016இல் வெளியாட்கள் ஒரு தளமே திறந்து அறிக்கைகளை இலவசமாக ஏற்றினார்கள். 2018இல்தான் சட்டம் போட்டு அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். நூறு வருடத்துக்கு மேல். வரிப்பணம் என்ற ஒரே காரணத்துக்காகக் கதவு தானாகத் திறக்காது. வெளியே இருந்தவர்கள் விடாமல் இலவசமாகப் போட்டுக்கொண்டே இருந்ததால்தான் உள்ளே இருந்தவர்களுக்கு மூடி வைக்கக் காரணம் இல்லாமல் போனது.

திண்ணைப்பேச்சு எழுதியது:
சரி, அது நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த கேள்வி: யார் காசில் நடக்கிறதோ அவர்கள் பக்கம் சாயாமல் இருக்குமா? கொள்கை ஆய்வு என்ற பெயரில் டெல்லியில் எத்தனை கடை.

மலைக்கோட்டைவாசி எழுதியது:
அதனால்தான் சின்னச் சின்னத் தொகையாகப் பலபேர் கொடுக்க வேண்டும் என்கிறேன். பெரிய கை ஒன்றிரண்டை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே பார்த்தோம். பிஆர்எஸ் முதலில் வளர்ந்ததே சிபிஆர் என்கிற கொள்கை ஆய்வு மையத்தின் நிழலில். 1973இல் தொடங்கிய நிறுவனம் அது. 2023இல் வெளிநாட்டு நன்கொடை பெறும் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள், அதே வருடம் வரிவிலக்கும் போனது, 2024 ஜனவரியில் உரிமம் முழுக்க ரத்து. செய்தது சரியா தவறா என்பது வேறு சண்டை, இங்கே வேண்டாம். ஐம்பது வருட நிறுவனமே ஒரு உத்தரவில் ஆடிப்போகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

சாய்வு பற்றி: அவர்கள் குறிப்பைப் படித்துப் பாருங்கள். மசோதாவை ஆதரி, எதிர் என்று எங்கேயும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பிரிவு இப்படி இருக்கிறது, இதனால் இந்தக் கேள்வி எழுகிறது, அவ்வளவுதான். எனக்கே சில நேரம் எரிச்சலாக இருக்கும், இவ்வளவு சாதுவாகவா எழுதுவது என்று.

நெல்லைச்செய்தி எழுதியது:
மாவட்ட நிருபராக இருக்கிறவள் என்ற முறையில் என் குறையைச் சொல்கிறேன். இந்தியில் கணிசமாகத் தருகிறார்கள். தமிழில் அந்த அளவுக்கு இல்லை. எங்கள் ஊர் கவுன்சிலருக்கும் விவசாயச் சங்கத்துக்காரருக்கும் அந்தத் தளம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்புறம் எந்த நியாயத்தில் அவர்களிடம் உண்டியல் நீட்டுவீர்கள் அண்ணா?

இன்னொன்று, பிஆர்எஸ் தளத்தில் எம்.பி.க்களின் வருகைப் பதிவு, கேள்வி எண்ணிக்கை போடும் பக்கம். தேர்தல் வந்தால் வாட்ஸ்அப்பில் அதுதான் ஓடுகிறது. 'நம்ம எம்.பி. இத்தனை கேள்வி கேட்டார், பக்கத்துத் தொகுதி எம்.பி. தூங்கினார்' என்று. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்வது), 230 நட்சத்திரமில்லாக் கேள்விதான் (எழுத்தில் பதில் வருவது) பட்டியலில் ஏறும். எது ஏறும் என்பது குலுக்கலில் இருக்கிறது. அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தே போடுவதில்லை, அதனால் அவர்களுக்கு அந்தக் கட்டமே வெறுமை. இதை வைத்து 'அமைச்சர் ஒரு நாள்கூட வரவில்லை' என்று ஒரு படம் சுற்றியது. நான் மறுப்பு எழுதினேன், யாரும் பகிரவில்லை.

மலைக்கோட்டைவாசி எழுதியது:
அந்த எண்ணை அரைகுறையாக வெட்டி ஒட்டுகிறவன் செய்கிற வேலைக்கு அவர்கள் என்னம்மா செய்வார்கள்? அமைச்சர் விஷயத்தைத் தளத்திலேயே விளக்கிப் போட்டிருக்கிறார்கள். தமிழ் விஷயம் நியாயம். ஆனால் அதற்கும் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இதுவும் காசில்தான் வந்து நிற்கிறது.

பட்ஜெட்பித்தன் எழுதியது:
நெல்லை, தமிழ்நாடு பட்ஜெட் உரை தமிழிலேயே வருகிறது. ஆனாலும் நான் பிஆர்எஸ் அலசலைத் தேடிப் போவதற்குக் காரணம், அதில் இருக்கும் மூன்று எண் வரிசை. இந்த ஆண்டு மதிப்பீடு, போன ஆண்டின் திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு. உரையில் அமைச்சர் படிப்பது பெரும்பாலும் முதல் வரிசை. 'இந்தத் துறைக்கு இத்தனை கோடி' என்று மறுநாள் பேப்பரில் வருவதும் அதுதான். ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்பது மூன்றாவது வரிசையில்தான் தெரியும், அதுவும் இரண்டு வருடம் கழித்து. நிதித்துறை ஆவணங்களிலும் இது இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குவியலில் நீங்களே தோண்ட வேண்டும். 2024-25 பட்ஜெட்டில் நிதிப்பற்றாக்குறை மாநில உற்பத்தி மதிப்பில் 3.44 சதவீதம் என்றார்கள். பேச்சு அதோடு நின்றுவிட்டது. அது கடைசியில் எங்கே போய் நின்றது என்று இங்கே எத்தனை பேர் திரும்பிப் பார்த்தோம்? அந்த அலசலில் நாலு பக்கத்தைத் தமிழாக்கிப் போட்டாலே உங்கள் சங்கத்துக்காரருக்குப் பயன்படும்.

குரூப்ஒன்கனவு எழுதியது:
காசு விஷயத்தில் முதலில் அரசுத் தேர்வுப் பயிற்சி மையங்களைக் கேளுங்கள் சார். நான் படிக்கிற இடத்தில் பிஆர்எஸ் சுருக்கத்தை வரி மாறாமல் எடுத்து, மேலே தங்கள் முத்திரையைக் குறுக்காக அடித்து, நடப்பு நிகழ்வுகள் கையேடு என்று விற்கிறார்கள். பிஆர்எஸ் ஆவணத்தின் கடைசியிலேயே வணிகநோக்கு இல்லாமல், பெயர் குறிப்பிட்டுப் பகிரலாம் என்று இருக்கிறது. இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. நாங்கள் மாணவர்கள், கையில் காசில்லாமல் படிக்கிறோம். காசு பார்க்கிறவர்கள் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை.

வகுப்பறை எழுதியது:
நானும் ஒரு மையத்தில் வகுப்பெடுக்கிறேன். எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் தம்பி. சட்டத்தின் சாரம் யாருக்கும் சொந்தமில்லை. நாங்கள் அதைத் தேர்வுக்கு ஏற்ற மாதிரி சொல்லிக்கொடுக்கிறோம், அச்சுச் செலவு இருக்கிறது, அதற்குத்தான் கட்டணம். கிராமத்திலிருந்து வருகிற பையன் அந்த ஆங்கிலத்தைத் தானாகப் படித்துப் புரிந்துகொள்வானா? நெல்லை கேட்ட தமிழை இன்றைக்கு நாங்கள்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

திண்ணைப்பேச்சு எழுதியது:
பார்த்தீர்களா மலைக்கோட்டை, நீங்கள் கொடுக்கிற காசு கடைசியில் எங்கே போய் இறங்குகிறது என்று.

மலைக்கோட்டைவாசி எழுதியது:
அதற்காகத் தெருக்குழாயை மூடிவிட முடியுமா? லாரி வைத்துப் பிடிக்கிறவனைத் தடுக்க வேண்டும், குடம் வைத்திருப்பவரைத் தண்டிக்கக் கூடாது.

இன்னும் ஒன்று, காசு கொடுப்பவர்கள் கவனத்துக்கு: புதிய வருமான வரிமுறையில் இருந்தால் நன்கொடைக்கான வரிக் கழிவு (80ஜி என்று சொல்லிப் பழகியது) கிடையாது. அதை நம்பிக் கொடுக்காதீர்கள், பிறகு மார்ச்சில் என்னைத் திட்டுவீர்கள்.

நெல்லைச்செய்தி எழுதியது:
காசு இப்போதைக்கு முடியாது. அடுத்த தமிழ்நாடு பட்ஜெட் அலசல் வந்ததும் விவசாயம், குடிநீர் இரண்டு பகுதியைத் தமிழில் எழுதி இங்கே போடுகிறேன், எங்கிருந்து எடுத்தது என்று சொல்லி. பித்தன் சார் எண்களைச் சரிபார்க்க வேண்டும்.

பட்ஜெட்பித்தன் எழுதியது:
சரி. கோடியா லட்சமா என்று ஒவ்வொரு அட்டவணையின் தலையிலும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பாதிப் பேர் வழுக்கி விழுவது அங்கேதான்.

குரூப்ஒன்கனவு எழுதியது:
வகுப்பறை சார், சாரம் யாருக்கும் சொந்தமில்லை என்றீர்கள். நான் சாரத்தைக் கேட்கவில்லை, வரி மாறாமல் இருப்பதைக் கேட்கிறேன். உங்கள் மையத்துக் கையேட்டில் பிஆர்எஸ் பெயர் இருக்கிறதா, இல்லையா?