டெம்பெஸ்ட் 2 ரேசர் மாடல்: பட்டி பார்த்து மூடுன கோடெல்லாம் பெயிண்ட் அடிச்சப்புறம் திரும்பத் தெரியுது, அவசரம்

மஞ்சக்குருவி
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப அவசரம். இந்திய விமானப்படை வச்சிருந்த டெம்பெஸ்ட் 2 போர் விமானத்துல ஒண்ணு அமெரிக்காவுல ரெனோங்கிற ஊர்ல நடந்த விமான ரேஸுக்குப் போயிருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஒரு கற்பனை மாடல் பண்ணிட்டு இருக்கேன். ரேஸ் விமானம்னா இறக்கை மழுமழுன்னு இருக்கணும்ல, அதனால மேல கீழ இருக்கிற பேனல் லைன் (தகடு சேருற கோடு), ரிவெட் எல்லாத்தையும் பட்டி வச்சு மூடி தேய்ச்சு பிரைமர் அடிச்சேன், விரல் வச்சுப் பார்த்தப்ப ஒண்ணுமே தட்டல. அப்புறம் பளபளக்கிற மஞ்சள் கிளாஸ் பெயிண்ட் அடிச்சேன், காஞ்சப்புறம் டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சா ஒவ்வொரு கோடும் மெல்லிசா பள்ளமா தெரியுது, ரிவெட் வரிசை கூட எண்ணலாம். ஷோவுக்கு நாள் நெருங்கிடுச்சு. மேல இன்னொரு கோட் அடிச்சா மறையுமா?

கோவை டிங்கர்
என்ன பட்டிங்க போட்டீங்க? எவ்வளவு நேரம் காய விட்டீங்க? பெயிண்ட் என்ன, தின்னர் என்னங்க? இதெல்லாம் சொல்லாம மறையுமா மறையாதான்னு எப்படிங்க சொல்றது.

ஸ்கேல்48
கிட் எது ப்ரோ? அளவு நிஜத்துல 1/48-ஆ 1/32-ஆ? ஒரு போட்டோ போடுங்க.

உப்புக்காத்து
சென்னையா நீங்க? அப்போ ஈரப்பதம்தான், சந்தேகமே வேணாம். மழை நேரத்துல லேக்கர் அடிச்சா இப்படித்தான் ஆகும். கம்ப்ரசர்ல தண்ணி பிரிக்கிற ஃபில்டர் இருக்கா பாருங்க, ரூம்ல ஏசி போட்டுட்டு அடிங்க.

பழைய பிளாஸ்டிக்
இந்தக் கேள்விக்கு இங்கயே பல தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்ல. கிளாஸ் ஃபினிஷ்ங்கிறது கைப்பழக்கம் வந்தப்புறம் தொடவேண்டிய விஷயம், முதல்ல நாலு டேங்க் மாடலை பளபளப்பில்லாத மேட் பெயிண்ட்ல முடிச்சுட்டு வாங்க, அதுல எந்தத் தப்பும் வெளிய தெரியாது. கோடு மூடணும்னா சூப்பர் குளூ. பட்டிய யாரு போடச் சொன்னா?

மஞ்சக்குருவி
1/48 எடுவார்ட் கிட். பட்டி கார் பெயிண்ட் கடையில டியூப்ல கிடைக்கிறது. பெயிண்ட் லேக்கர்தான். போட்டோ ராத்திரி போடுறேன்.

கோவை டிங்கர்
அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டிங்க. நான் கார் பாடி வேலைலயே இருக்கேன், சொல்றேன் கேளுங்க. அந்தப் பட்டி காயறதே உள்ள இருக்கிற கரைப்பான் ஆவியா போறதாலதான், போகப் போக அளவு சுருங்கும். மேல ஓடு கட்டிக்கும், அடியில இன்னும் ஈரமா இருக்கும், நீங்க அப்பவே தேய்ச்சு சமமாக்கிட்டீங்கன்னா அன்னைக்கு சமமாத்தான் இருக்கும், அப்புறம் மெதுவா உள்ள இறங்கும். அதுக்கு மேல லேக்கர் அடிக்கும்போது அந்தத் தின்னர் பட்டியைத் திரும்பவும் இளக்கி ஊற வைக்குது, ஊறினது மறுபடி காயும்போது இன்னும் கொஞ்சம் இறங்குது. கார்லயும் கீறலை இதை வச்சு அவசரமா மூடினா வண்டி டெலிவரி போயி கொஞ்ச நாள்ல கோடு எழும்பும், கஸ்டமர் திரும்ப வந்து நிப்பாரு. ஆழமா இருந்தா நாங்க ஹார்டனர் கலக்கிற பாலியெஸ்டர் பட்டிதான் போடுவோம், அது ரசாயனமா இறுகுறது, அந்த அளவுக்குச் சுருங்காது.

இன்னொரு கோட் அடிச்சா மறையாதுங்க. பெயிண்ட் பள்ளத்துக்குள்ளயும் அதே கனத்துலதான் உக்காரும். எத்தனை நாள் காய விட்டீங்கன்னு இன்னும் சொல்லவே இல்லையே?

உப்புக்காத்து
பட்டி சுருங்குறது சரி, ஆனா ஈரப்பதத்தையும் விட்டுடாதீங்க.

கோவை டிங்கர்
ஈரம் பட்டா லேக்கர் வெள்ளையா புகை படிஞ்சாப்ல ஆகும்ங்க, பளபளப்பு போயிடும். கோடு பள்ளமாகாது. அது வேற நோய்.

வடலி
நான் டொரன்டோவில இருக்கிறன். மாடல் யோசனை நல்லா இருக்கு, ஆனா ஒண்டு கேக்கிறன், ஏன் டெம்பெஸ்ட்? ரெனோவில ஓடினது சீ ஃப்யூரி எண்ட பிரிட்டிஷ் போர் விமானம்தானே. ஏர்ஃபிக்ஸ் 1/48 சீ ஃப்யூரி கிட் இருக்கு, அதை எடுத்திருந்தா பாதி வேலை மிச்சம்.

மஞ்சக்குருவி
அதுதான் அண்ணா கதையே. 1979-ல ஈராக்ல கிடந்த ஃப்யூரிகள் இருபதுக்கும் மேல அமெரிக்காவுக்குப் போச்சு, அதுல பலது ரேசரா மாறுச்சு. ரெனோல 1983-லயும் 1986-லயும் ஜெயிச்ச டிரெட்நாட்ங்கிற ரேசர், பர்மா விமானப்படைல இருந்த சீ ஃப்யூரி. அதே காலகட்டத்துல நம்ம ஊர்ல டெம்பெஸ்ட் 2 உடல்கள் சும்மா கிடந்துச்சு. 1947-48 காஷ்மீர் போர்ல பறந்த ரகம் அது, எஞ்சின் அதே சென்டாரஸ். ஈராக், பர்மா விமானத்துக்குக் கிடைச்ச வாழ்க்கை இதுக்கு ஏன் கிடைக்கலைன்னு மனசுல ஓடிட்டே இருக்கு, அதான் பண்றேன்.

வடலி
இப்ப விளங்குது தம்பி. அப்பிடியெண்டா சட்டமாச் செய்யுங்கோ. ஒரு விசயம் பாருங்கோ, ஃப்யூரியே டெம்பெஸ்டில இருந்து வந்ததுதான். நடு இறக்கைத் துண்டை எடுத்துப்போட்டு ரெண்டு பக்க இறக்கையையும் உடம்புக்குக் கீழ நேரா சேர்த்தவை, அதாலதான் அகலம் 12.5 மீட்டரில இருந்து 11.7க்கு வந்தது. 1/48ல கணக்குப் பாத்தா ஒவ்வொரு பக்கமும் 8 மில்லிமீட்டர் குறையும், அதுவும் நடுவில. ஆனா நீங்கள் ரேசர் எண்டு சொல்லி நுனியைத்தான் வெட்டியிருப்பியள் எண்டு நினைக்கிறன்.

ஸ்கேல்48
நுனி வெட்டுறதுதானே ரெனோ ஸ்டைல், மஸ்டாங் ரேசர் எல்லாம் அப்படித்தான். டெம்பெஸ்ட் இறக்கை நீள்வட்டம், நுனியை நேரா வெட்டினா பார்க்கவும் செம்மையா இருக்கும்.

எஞ்சின் என்ன வைக்கிறீங்க? சென்டாரஸ்லயே விட்டா 80-கள்ல பார்ட்ஸ் கிடைக்காது. ஸ்லீவ் வால்வ் எஞ்சின் (சிலிண்டருக்குள்ள நகர்ற குழாயே வால்வா வேலை செய்யும்), அதைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவங்க ரொம்ப குறைவு. அதனாலதான் நிறைய பேர் ரைட்ங்கிற அமெரிக்க கம்பெனியோட ஆர்-3350 எஞ்சினுக்கு மாறினாங்க.

பழைய பிளாஸ்டிக்
ரேஸ் ரேஸ்னு பேசுறீங்களே, டிரெட்நாட்ல இருக்கிறது ஆர்-4360, 28 சிலிண்டர், 71 லிட்டருக்கு மேல. ஜெயிக்கணும்னா அதுதான். ஆனா இவர் மூக்கை அறுத்துப் புதுசா கட்டணும், அது இவரால ஆகிற காரியமா?

ஸ்கேல்48
ஏன் ஆகாது? சென்டாரஸ், 3350, 4360 மூணுமே விட்டம் கிட்டத்தட்ட 1.4 மீட்டர்தான், 1/48-ல 29 மில்லிமீட்டர். கவுலிங்கை (எஞ்சின் மூடியை) அகலப்படுத்த வேண்டியதே இல்ல, 4360ன்னா நீட்டினா போதும். புதுசா பண்றவங்களை இப்படிப் பேசி விரட்டாதீங்க சார்.

பழைய பிளாஸ்டிக்
விரட்டல, உண்மையைச் சொன்னேன். நீட்டினா எடை முன்னால போகும், வால் பத்தாது. டிரெட்நாட்டோட வால் எவ்வளவு பெருசுன்னு போட்டோவ எடுத்துப் பாருங்க.

வடலி
அது சரிதான், வாலைப் பெருசாக்கினவை. எஞ்சின் மாத்திறதெண்டா இன்னொண்டையும் கவனியுங்கோ. சென்டாரஸ் விமானிக்கு முன்னால இடப்பக்கமாச் சுத்தும், அமெரிக்க எஞ்சின் வலப்பக்கம். அதால பிரொப்பெல்லர் தகட்டின்ர முறுக்கு எதிர்ப்பக்கமா வரவேணும். கிட்டில இருக்கிற பிரொப்பெல்லரை அப்பிடியே கொழுவினா, தெரிஞ்ச ஆக்கள் ஷோவில முதல் பாக்கிறதே அதைத்தான். 3350 எண்டா அதே எஞ்சின் போட்ட ஸ்கைரெய்டர் விமானத்தின்ர டாமியா கிட்டில இருக்கிற நாலு தகட்டு பிரொப்பெல்லரை எடுங்கோ, நிஜ சீ ஃப்யூரிகளிலயும் கன பேர் அதைத்தான் போட்டவை.

உப்புக்காத்து
ரெனோல எல்லாரும் இடப்பக்கமாத்தானே திரும்பினாங்க? அப்போ சென்டாரஸ் இடப்பக்கம் சுத்துறது நல்லதுதானே, ஏன் மாத்தணும்?

ஸ்கேல்48
அந்த வேகத்துல அதெல்லாம் பெரிய விஷயமில்ல ப்ரோ. டேக் ஆஃப்லதான் தெரியும், சென்டாரஸ்னா வலப்பக்கம் இழுக்கும், அமெரிக்க எஞ்சின்னா இடப்பக்கம். மாத்துறது பார்ட்ஸுக்காக.

உப்புக்காத்து
பெரிய விஷயமில்லைன்னு அப்படி ஒரே வரியில தள்ளிட முடியாது. ரேஸ் பாதையில நட்டிருக்கிற பைலான் தூணைச் சுத்தும்போது விமானம் சாய்ஞ்சே இருக்கும்ல, அப்போ எஞ்சினோட முறுக்கு எந்தப் பக்கம்னு கணக்கு வராதா?

பழைய பிளாஸ்டிக்
பிளாஸ்டிக் மாடலுக்கு முறுக்கு விசை கணக்கா. கேட்டவரோட இறக்கையப் பத்திப் பேசுங்க. ரெண்டாவது தடவையா சொல்றேன், சூப்பர் குளூ.

கோவை டிங்கர்
சூப்பர் குளூ நல்ல ஐடியாதாங்க, ஆனா வெறுமனே சொன்னா அவரு இன்னொரு குழியில விழுவாரு. அது நாள் ஆக ஆக பிளாஸ்டிக்கை விட கெட்டியாயிடும். அடுத்த நாள் தேய்ச்சா சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் முதல்ல தேயும், பசை வரி மேடா நிக்கும், இப்ப பள்ளமா தெரியறது அப்ப மேடா தெரியும். அதனால முகத்துக்குப் போடுற டால்கம் பவுடரை அதுல குழைச்சு, பல் குத்துற குச்சியால கோட்டுக்குள்ள இழுத்து விடுங்க. பவுடர் கலந்தா மிருதுவா தேயும். இறுகினதுமே, அன்னைக்கே தேய்ச்சு முடிச்சிடணும்.

இப்ப நீங்க பண்ண வேண்டியது: மஞ்சளை 600 வாட்டர் பேப்பர்ல தண்ணி தொட்டு பிரைமர் வரைக்கும் இறக்குங்க. கோட்டுக்குள்ள இருக்கிற பட்டியை ஊசி முனையால சுரண்டி எடுங்க, முழுசா வரலைன்னாலும் மேல்பக்கம் வந்தா போதும். அப்புறம் பவுடர் குளூ. ரிவெட்டுக்கு அவ்வளவு வேண்டாம், சர்ஃபேசர் 500 (கெட்டியான பிரைமர்) பிரஷ்ல ரெண்டு தடவை, நடுவுல நல்லா இடைவெளி விட்டு. இறக்கைய மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாருங்க, தின்னர் வாசனை கொஞ்சமாச்சும் இருந்தா இன்னும் சுருங்கிட்டுத்தான் இருக்குன்னு அர்த்தம், தொடாதீங்க.

தேய்ச்சப்புறம் நேரா மஞ்சள் வேண்டாம். மெல்லிசா கறுப்பு தூவி விட்டு 1000 பேப்பர்ல ஒரு இழுப்பு இழுங்க. எங்க கறுப்பு கோடா தங்குதோ அங்க இன்னும் பள்ளம். பட்டறையில நாங்க அப்படித்தான் கண்டுபிடிப்போம், கண்ணை நம்ப மாட்டோம்.

ஸ்கேல்48
இதோட, முழு இறக்கையும் மூடணும்னு இல்ல. இறக்கை பின்விளிம்புல அசையுற ஃப்ளாப், ஐலரானோட கீல் கோடு, சக்கரக் கதவு, பெட்ரோல் மூடி இதெல்லாம் நிஜ ரேசர்லயும் இருக்கும். முன் விளிம்புல இருந்து பாதி அகலம் வரைக்கும்தான் முக்கியம், காத்து மழுமழுன்னு ஓட வேண்டிய இடம் அது. போர்க்கால மஸ்டாங்குக்கே ஃபேக்டரில இறக்கை முன்பகுதியில பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சுத்தான் அனுப்பினாங்க. பின்பாதி ரிவெட்டை விட்டுட்டா வேலையும் குறையும், பார்க்கவும் நம்பும்படி இருக்கும்.

துப்பாக்கி ஓட்டை நாலையும் மறக்காம மூடுங்க. ஆனா இறக்கை உடம்போட சேருற இடத்துல முன் விளிம்புல இருக்கிற காத்து வாய் ரெண்டையும் மூடிடாதீங்க, வலப்பக்கத்துல ஆயில் கூலர் இருக்கு.

வடலி
இந்திய விமானப்படை அடையாள வட்டம் போடுவியளோ? சிவில் பதிவுக்குப் போனா அது நிக்காது எண்டு சிலர் சண்டைக்கு வருவினம்.

கோவை டிங்கர்
தம்பி, காய விட்டது எவ்வளவு நேரம்னு கடைசி வரைக்கும் சொல்லலைங்க.

மஞ்சக்குருவி
அண்ணா பட்டி போட்ட அன்னைக்கே தேய்ச்சு பெயிண்ட் அடிச்சேன். மஞ்சளை இறக்கிட்டேன், இடது இறக்கை முன்பாதிக்குப் பவுடர் குளூ போட்டு கறுப்பு தூவிப் பார்த்தேன், ஒரு இடத்துலதான் கோடு தங்குச்சு. வலது இறக்கை நாளைக்கு. பின்பாதி ரிவெட்டை விட்டுட்டேன். எஞ்சின் 3350, ஸ்கைரெய்டர் பிரொப்பெல்லர் ஒருத்தர் தர்றேன்னாரு. எல்லாருக்கும் நன்றி.

ஸ்கேல்48
போட்டோ?

உப்புக்காத்து
வட்டம் போடுறீங்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே.