பழைய லீஃபுக்கு டேஷ் கெமரா: 12 வோல்ட் பெட்டரி தாங்குமா?

ஹட்டன்_மின்கார்:

வணக்கம். கார் 2014 நிசான் லீஃப், 24 கிலோவாட் அவர். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று கெமரா போடணும். ராத்திரியில் ரோட்டோரம்தான் நிக்குது, அதனால பார்க்கிங் மோடும் (நின்ற காரிலும் பதியுறது) வேணும். ஓட்டம் பெரும்பாலும் ஹட்டன் – நுவரெலியா, இடைக்கிடை அவிசாவளைக்கு இறங்குறது.

சிகரெட் சொக்கெட்டில் குத்தினால் போதுமா, பியூஸ் பெட்டியில் எடுக்கணுமா? கராஜ்ல கேட்டா "இவ்வளவு பெரிய பெட்டரி இருக்கு, கெமராவுக்கு என்ன குறை"ன்னு சொல்றாங்க. அடுத்தது, தலவாக்கலை தாண்டினா மூடுபனி. அதிலயும் நம்பர் பிளேட் தெளிவா விழுற கெமரா இருக்கா?

பதுளை_வயரிங்:

கராஜில் சொன்னதை நம்பி இறங்காதீங்க. கெமரா அந்தப் பெரிய பெட்டரியில் ஓடுறதில்லை. பொனட்டுக்குள்ள இருக்கே சின்ன 12 வோல்ட் லெட் அசிட் பெட்டரி, சுமார் 45 அம்பியர் அவர், அதில்தான் ஓடும். கார் "ரெடி"யில் (ஓடத் தயாராக) இருக்கும்போதும் சார்ஜ் ஏறும்போதும்தான், பெரிய பெட்டரியின் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற டிசி-டிசி கன்வேர்ட்டர் அதை ஒழுங்கா நிரப்பும். பிரேக் மிதிக்காம பட்டனை அமுக்கிட்டு ரேடியோ கேட்டா, கரையுறது சின்னதுதான். அது படுத்துட்டா பெரிய பெட்டரியை இணைக்கிற ரிலே மூடாது. 90 சதவீதம் சார்ஜ் இருந்தும் கார் எழும்பாது.

கணக்கு இதுதான். இரண்டு கெமராவும் சேர்ந்து ஏறக்குறைய 4 வாட், அதாவது 0.33 அம்பியர். பத்து மணி நேரம் நின்றால் 3.3 அம்பியர் அவர். புது பெட்டரிக்கு இது ஒன்றுமில்லை. பாதி செத்த பெட்டரி, குளிர் ராத்திரி, இரண்டு நாள் எடுக்காத கார், மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஓடும்போது தூரம் குறையும் என்ற பயமே வேண்டாம்: இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு 8 வாட் அவர், லீஃபுக்கு அது ஐம்பது மீட்டர் ஓட்டம்.

சிகரெட் சொக்கெட் ஓட்டத்துக்குப் போதும். கார் நின்றதும் கரண்ட் நின்றுவிடும், அதனால பார்க்கிங் மோடுக்கு உதவாது. உங்களுக்கு வோல்டேஜ் கட் ஓஃப் (வோல்டேஜ் இறங்கினால் தானே கரண்டை நிறுத்துறது) உள்ள மூன்று வயர் ஹார்ட்வயர் கிட்தான், அதாவது பியூஸ் பெட்டியிலிருந்து நேரே கரண்ட் எடுக்கிற வயர் செட்தான் சரி. பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் கரண்ட் உள்ள பியூஸுக்கு, சிவப்பு ஏசிசியில் (காரை ஓன் பண்ணினால்) மட்டும் கரண்ட் வருகிற பியூஸுக்கு, கறுப்பு எர்த். சில கிட்டில் மஞ்சளும் சிவப்பும் மாறி வரும், லேபிளைப் பார்த்துப் பூட்டுங்க.

முதலில் மல்டிமீட்டர். காரை ஓஃப் பண்ணி, கதவைப் பூட்டி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்க. அப்பவும் 12 வோல்ட் காட்டுறதுதான் மஞ்சளுக்கு. எயார்பேக், பிரேக், மின் மோட்டர் சம்பந்தப்பட்ட பியூஸ் எதையும் தொடாதீங்க. உள் லைட், ரேடியோ, சொக்கெட் பியூஸ்களே போதும். பியூஸ் டெப் (பியூஸ் இருக்கிற இடத்தில் குத்தி இன்னொரு வயருக்குக் கரண்ட் எடுக்கிறது) வாங்கப் போகும்போது பழைய பியூஸைக் கையோடு கொண்டு போங்க. மினியும் லோ புரொபைல் மினியும் மேலிருந்து பார்த்தா ஒரே மாதிரி, கால்தான் வேற. கெமராவுக்கு 2 அல்லது 3 அம்பியர் பியூஸ்.

பலர் பிழை விடுறது டெப்பின் திசையில். டெப்பில் பழைய பியூஸைப் போடாம கெமரா பியூஸை மட்டும் போட்டுக் குத்துங்க. வயர் நுனியில் 12 வோல்ட் வந்தால் திசை சரி. வரலைன்னா திருப்பிக் குத்துங்க. திருப்பாம விட்டாலும் கெமரா வேலை செய்யும், ஆனா அதன் கரண்டும் பழைய பியூஸ் வழியாகத்தான் போகும்.

அளந்து முடிஞ்சதும் 10 மில்லிமீட்டர் ஸ்பெனரால் சின்ன பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றிட்டு வயர் இழுங்க. எர்த்தை கார் பொடியில் உள்ள பெயின்ட் இல்லாத போல்ட்டில் இறுக்குங்க. முன் தூணுக்குள் கேர்ட்டன் எயார்பேக் இருக்கும் வாகனங்களில் வயர் எயார்பேக்குக்குப் பின்னால்தான் போகணும்; முன்னால் போனா, அது விரியும்போது வயர் முகத்துக்கு வரும். ஆரஞ்சு நிற வயர் பெரிய பெட்டரியின் ஹை வோல்டேஜ் வயர், எங்கே கண்டாலும் கையை எடுத்துடுங்க.

நுவரெலியா_பனி:

மூடுபனியைத் துளைத்துப் பார்க்கிற டேஷ் கெமரா கிடையாது. 4கே என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பனியில் திரும்பி வருவது உங்கள் ஹெட்லைட் வெளிச்சம்தான். 4கேயில் எடுத்தால் அதே வெள்ளைப் பூச்சு இன்னும் பெரிதாக விழும், அவ்வளவுதான். ஹைபீமைக் குறைத்தாலே படம் தேறும்.

நம்பர் பிளேட் இரவில் கலங்குவதற்கு வெளிச்சப் பற்றாக்குறையும் வேகமும்தான் காரணம். சோனி ஸ்டார்விஸ் 2 சென்சர் உள்ள 1440பி கெமரா, மலிவான 4கே கெமராவை விட இங்கே நன்றாக எடுக்கும். போலரைசர் பில்டர் வெயிலில் கண்ணாடியில் விழும் டேஷ்போட் பிரதிபலிப்பை வெட்டும், ஆனால் வெளிச்சத்தையும் பாதிக்கு மேல் தின்னும். வருடத்தில் பாதி நாள் மப்பாக இருக்கும் நுவரெலியாவில் அதைக் கழற்றி வைப்பதே மேல். உள்ளே லித்தியம் பெட்டரி உள்ள கெமரா வேண்டாம், கெபாசிட்டர் உள்ளதை எடுங்கள். மேலே குளிர்தான், ஆனால் அவிசாவளை வெயிலில் ஒரு மத்தியானம் நிறுத்தினால் லித்தியம் உப்பிவிடும்.

மின்காரில் மட்டும் வரும் ஒரு வம்பு இருக்கிறது. தூரம் குறையும் என்று ஹீட்டரைப் போடாமல் ஓட்டுகிறோம். முன் கண்ணாடி உள்பக்கம் வியர்க்கிறது. நாம் துணியால் துடைப்பது கண்ணுக்கு எதிரே மட்டும். லென்ஸுக்கு முன்னால் உள்ள துண்டு அப்படியே இருக்கும். காலை வீடியோ முழுக்கப் பால் போல விழுந்தால் கெமராவைக் குறை சொல்லாதீர்கள். ஏசியைப் போட்டு காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் இரண்டு மூன்று நிமிடத்தில் தெளியும். ஏசி ஈரத்தை இழுத்துவிடும், ஹீட்டர் அளவுக்கு மின்சாரமும் போகாது.

ஒட்டும் இடம், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள், ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால். ஐசோபுரொபைல் அல்கஹோலால் துடைத்து, மத்தியானம் கண்ணாடி சூடாக இருக்கும்போது ஒட்டுங்கள். காலைப் பனியில் ஒட்டியது இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே மடியில் விழும். ஒட்டிய ஸ்டாண்டில் கெமராவை மாட்டுமுன் 24 மணி நேரம் விடுங்கள்.

செட்டிங்கில் மூன்றை மட்டும் மாற்றினால் போதும். பிரீக்குவென்சி 50 ஹேர்ட்ஸ். 60இல் விட்டால் தெருவிளக்கு வெளிச்சம் மின்னி மின்னி விழும். நேரம் ஜிஎம்டி +5:30. குலுக்கலை உணரும் ஜி சென்சரைக் கடைசி மட்டத்துக்கு இறக்குங்கள். ரதல்ல குறுக்கு ரோட்டில் ஒருமுறை இறங்கினால் ஒவ்வொரு பள்ளத்தையும் விபத்து என்று நினைத்து பைலைப் பூட்டும். பூட்டிய பைல் அழியாது, கார்ட் நிறையும். பிறகு உண்மையான விபத்து நடக்கும்போது பதிய இடமிருக்காது.

ஹட்டன்_மின்கார்:

இரண்டு பேருக்கும் நன்றி. கிட்டில் 11.8, 12.0, 12.2, 12.4 என்று நான்கு கட் ஓஃப் இருக்கு. பயத்துக்கு 12.4ல வைக்கலாமா? கார்ட் எத்தனை ஜிபி?

பண்டாரவளை_லீஃப்ஸ்பை:

12.4 கேட்க நல்லாயிருக்கும், வேலைக்கு ஆகாது. ஓய்வில் இருக்கிற லெட் அசிட் பெட்டரி நிறைந்திருந்தால் சுமார் 12.6 – 12.7, பாதி என்றால் 12.2 கிட்ட. ஆனா கிட் பார்க்கிறது ஓய்வு வோல்டேஜை இல்லை. கெமரா இழுக்கும்போது, மெல்லிய வயரின் மறுமுனையில் பார்க்குது. அதுவே கொஞ்சம் குறைத்துக் காட்டும். கொஞ்சம் பழைய பெட்டரி என்றால் 12.4ல வைத்த கெமரா நீங்க வீட்டுக்குள் போய் டீ குடிக்கிறதுக்குள்ள ஓஃப் ஆகிடும். 12.2ல வைங்க, கூடவே டைமர் இருந்தால் 8 மணி நேரம் கொடுங்க. 11.8 பெட்ரோல் காருக்குக்கூட நல்லதில்லை.

வாங்குறதுக்கு முன்னாலேயே ஒரு சோதனை. ஓபிடி டொங்கிள் (காரின் சோதனை சொக்கெட்டில் குத்துற சின்னக் கருவி) இருந்தால் லீஃப்ஸ்பை என்ற போன் அப்பில் 12 வோல்ட் பெட்டரியின் வோல்டேஜ் தெரியும், ஆனா ரெடியில் கன்வேர்ட்டர் கொடுக்கிறதைத்தான் காட்டும். ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் கதவைத் திறக்குமுன் மல்டிமீட்டரை பெட்டரியிலேயே வைங்க. அதுக்காக முதல் நாளே பொனட்டைத் திறந்து விட்டுடணும். 12.3க்குக் கீழே என்றால் கெமராவுக்கு முன் பெட்டரியை மாத்துங்க. டொங்கிளையும் குத்தியே விடாதீங்க, அதுவும் ராத்திரி முழுக்கக் கரண்ட் குடிக்கும்.

இதைப் படிக்கிற புது கார்க்காரர்களுக்கு: 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு வந்த மின்கார்களில் சிலதுக்கு சின்ன பெட்டரியும் லித்தியம் அயர்ன் (இரும்பு) பொஸ்பேட். அது பெரும்பாலான நேரம் 13 வோல்டுக்கு மேலேயே நிற்கும், கடைசியில் சடாரென்று விழும். 12.2 கட் ஓஃப் அங்கே ஏறக்குறைய காலியான பிறகுதான் வேலை செய்யும். மேலே சொன்ன கணக்கை அதுக்குப் போடாதீங்க, டைமரை நம்புங்க.

கார்ட் 128 ஜிபி, ஹை என்டியூரன்ஸ் (திரும்பத் திரும்பப் பதிவதைத் தாங்குறது) என்று எழுதியிருக்கணும். 1080பி 15 மெகாபிட் என்றால் மணிக்கு 7 ஜிபி அளவு, பின் கெமராவும் சேர்ந்தா ஏறக்குறைய இரட்டிப்பு. எட்டு ஒன்பது மணி நேர ஓட்டம் நிற்கும். மாசத்துக்கு ஒருதரம் கெமராவிலேயே போர்மட் பண்ணுங்க, கம்ப்யூட்டரில் வேண்டாம்.

பதுளை_வயரிங்:

12.2 சரி. மேலே எழுத விட்டது பின் கெமரா. வயரை கூரை ஓரமா கொண்டு வந்து, பின் கதவுக்குப் போற கறுப்பு ரப்பர் குழாய்க்குள்ளாலயே இழுங்க. வெளியால விட்டா பின் கதவைத் திறந்து மூடி மூடி ஒரு மாசத்தில் உள்ளே அறுந்துடும். ரப்பருக்குள் கொஞ்சம் சலவைத் திரவம் தடவி, கட்டுக் கம்பியில் வயரை டேப்பால் சுற்றி இழுத்தா சுலபமா வரும். கதவை முழுக்கத் திறந்து வைத்த நிலையில் அளவு எடுங்க. பின் கண்ணாடியில் ஹீட்டர் கோடுகளுக்கு மேல் கெமராவை ஒட்டாதீங்க. பிறகு கழற்றும்போது கோடும் சேர்ந்து வரும், அது வந்தா அந்தக் கோடு முழுக்கச் செத்துடும்.

பூட்டினதும் எப்எம்ல இரைச்சல் கேட்டா கெமராவை அணைத்துப் பாருங்க. இரைச்சல் நின்றால் கிட்டிலிருந்து கெமராவுக்குப் போற வயரில் பெரைட் மணி (இரைச்சலைத் தடுக்கிற சின்ன வளையம்) ஒன்று மாட்டுங்க, வயரை ரேடியோ ஏரியல் வயரிலிருந்து விலக்கிக் கட்டுங்க.