வேன் வண்டியில் குடியிருக்கிறவனுக்குப் பால் எதற்கு?

மாந்தோப்பு_வேன்:
போன வாரம் வேன் வாழ்க்கை பற்றிப் பேச்சு வந்தபோது கம்பத்துக்காரன் ஒன்று எழுதியிருந்தார். வேனில் இருந்துகொண்டு வீகனாக, அதாவது பால் தயிர்கூடத் தொடாமல், இருப்பது பணக்கார விளையாட்டு, பாதாம் பாலுக்கும் டோஃபு என்கிற சோயா பனீருக்கும் தனியாக ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டும், சைவம் வரைக்கும் சரி, அதற்கு மேல் போகாதீர்கள் என்று. நாலு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. நான் சொல்வது நேர் எதிர். வேனில் வாழ்கிறவனுக்குப் பால் தயிர் சேர்த்த சைவத்தைவிட வீகன்தான் சுலபம்.

நான் கேரள எல்லையில் இருக்கிற கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், முதலமடை மாந்தோப்புகளில் சொட்டுநீர்க் குழாயும் மோட்டாரும் ரிப்பேர் பார்க்கிறேன். 11 மாதமாக ஒரு பழைய டிராவலர் வண்டிதான் எனக்கு வீடு, பட்டறை, அடுப்படி எல்லாம். ஃப்ரிட்ஜ் கிடையாது. 5 கிலோ சிலிண்டர், மூணு லிட்டர் குக்கர், ஒரு இரும்புச் சட்டி, 40 லிட்டர் தண்ணீர் டேங்க். முதல் இரண்டு மாதம் பால் வாங்கினேன். மார்ச்சில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தகரக் கூரைக்குக் கீழே பால் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. காலையில் காய்ச்சியது பத்து மணிக்குத் திரிந்துவிடும். அதைவிடக் கொடுமை பால் பாத்திரம். அடி பிடித்த பால் பாத்திரத்தைக் கழுவ மூணு லிட்டர் தண்ணீர் போகும், 40 லிட்டரில் குளிக்கவும் வேண்டும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாலை விட்ட பிறகு வண்டியில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பருப்பு, நிலக்கடலை, கேழ்வரகு மாவு, எள்ளு, சோயா உருண்டை. அப்புறம் தேங்காய், அது தனக்குத்தானே டப்பா, உடைக்கிற வரைக்கும் வாரக்கணக்கில் கிடக்கும். பாதாம் பாலை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கம்பத்துக்காரன்:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். நண்பர் ஒரு ஊர் வெயிலை வைத்துக்கொண்டு உலகத்துக்கே சட்டம் போடுகிறார். நான் எட்டு மாதம் மாருதி ஆம்னி வேனில் கம்பத்துக்கும் குமுளிக்கும் வண்டிப்பெரியாருக்கும் நடுவில் இருந்தவன். குமுளி சுமார் 900 மீட்டர் உயரம், அங்கே பால் சாயங்காலம் வரை நிற்கும். காலையில் அரை லிட்டர் பாக்கெட், பாதி டீக்கு, பாதியைத் தோய்த்து வைத்தால் மறுநாள் மத்தியானம் தயிர்சோறு. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். நீங்கள் கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, கழுவி, அரைமணி நேரம் விசில் விட்டு, அப்புறம் தேங்காயைத் துருவி உட்காருவதற்குள் நான் சாப்பிட்டுக் கையைக் கழுவியிருப்பேன். தண்ணீர் கணக்கு போட்டீர்களே, கடலை கழுவுகிற தண்ணீரை ஏன் சேர்க்கவில்லை?

இன்னொன்று. வீகன் என்ற சொல்லையே 1944-ல் இங்கிலாந்தில்தான் உண்டாக்கினார்கள், டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும். அவர்கள் ஊர்க் குளிருக்கு அது சரிப்படலாம். மோர் இல்லாமல் நம் ஊர்க் கோடையைத் தாண்டச் சொல்வது அநியாயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தோற்றதை ஒத்துக்கொள்கிறேன், அது இட்லி மாவு. லோயர் கேம்ப்பிலிருந்து மலை ஏறும்போது பின்னால் மாவு டப்பா பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு வளைவில் பிரேக் போட்டதும் மொத்தமும் என் முதுகில். குமுளி போய்ச் சேர்வதற்குள் சட்டையிலேயே புளித்துவிட்டது. மாவை மட்டும் வேனில் வைக்காதீர்கள், வீகனாக இருந்தாலும் சரி.

லோடு_வண்டி:
ரெண்டு பேரும் நல்லாச் சண்டை போடுங்கள். நான் 19 வருஷமாக லாரி கேபினில் வாழ்கிறேன், அதை யாரும் வேன் வாழ்க்கை என்று சொல்லவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. வாளையார் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் பொரோட்டாவும் பீஃப் கறியும், மதியம் ஊண் கேட்டு உட்கார்ந்தால் கேட்காமலே மீன்சாறு ஊற்றுவார்கள். ரோட்டில் வாழ்கிறவன் அந்தந்த ஊர் போடுவதைத் தின்றுவிட்டுப் போக வேண்டும், அதுதான் நாகரிகம். மத்தி மீன் நாலு வறுத்தால் அதிலேயே எல்லாச் சத்தும் இருக்கிறது, ஊறவும் வேண்டாம், தோய்க்கவும் வேண்டாம்.

சமையலைவிட எனக்குக் கவலை வேறு. படுக்கிற இடத்திலேயே சிலிண்டர் வைத்திருக்கிறீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். ஜன்னல் திறந்திருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள், தரைமட்டத்தில் ஓட்டை வேண்டும். மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் கடலை வேகவைத்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு சேரும், அதற்கு வாசனையே கிடையாது. மத்திக்கு ஐந்து நிமிஷம்.

(கள் வீகன்தானே? பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் வந்துவிட்டு அதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே.)

புதுசு_2:
இண்டக்‌ஷன் வாங்கினால் கேஸ் பிரச்சினையே இல்லையே? மேலே சோலார் போட்டுக்கொள்ளலாம்.

மாந்தோப்பு_வேன்:
தம்பி, அதையும் பார்த்துவிட்டேன். 12.8 வோல்ட் 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி முழுசாக நிறைந்தால் கிட்டத்தட்ட 1280 வாட் மணி. இண்டக்‌ஷனை 1000 வாட்டில் அரைமணி ஓட்டினால் 500, இன்வெர்ட்டர் தின்பது தனி. ஒரு வேளைக் கடலைக்குப் பாதி பேட்டரி காலி. ஜூன், ஜூலையில் நெல்லியாம்பதி மலை மேலே மேகம் உட்கார்ந்துவிட்டால் சோலார் பலகை வெறும் கூரைதான்.

நான் செய்வது வேறு. குக்கர் நாலு விசில் வந்ததும் அணைத்துவிட்டு, பழைய ஜமுக்காளத்தில் சுற்றி மூலையில் வைத்துவிடுவேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் கடலை விரலில் நசுங்கும். ஊறப்போடுவது காலையில் அகலவாய் பாட்டிலில், வண்டி ஆட ஆட அதுவாகவே கழுவிக்கொள்ளும். கம்பத்துக்காரர் கேட்ட தண்ணீர் கணக்கு நியாயம், ஒன்றரை லிட்டர் ஆகிறது. அதைச் சேர்த்தாலும் பால் பாத்திரத்தில் பாதிதான்.

லோடு அண்ணே, சாப்பாட்டு விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் அந்தந்த ஊர் போடுவதைத் தின்ன வேண்டும் என்றீர்களே, இந்த ஊர் எனக்கு வேண்டியதைத்தான் போடுகிறது. புட்டும் கடலையும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும். டீக்கடையில் "ஒரு கட்டன்" என்றால் மறுபேச்சில்லாமல் பாலில்லாத டீ வரும். அதையே பொள்ளாச்சியில் கேட்டால் உடம்புக்கு என்ன ஆச்சு என்கிறார்கள்.

வண்ணாமடை_மாட்டுக்காரி:
தம்பி, ரொம்பக் குஷியாக எழுதுகிறீர்கள், கொஞ்சம் நிறுத்துங்கள். நான் இந்தப் பக்கத்துக்காரி, வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளைகள் படிப்பது மலையாளம். நாலு மாடு வைத்திருக்கிறேன், காலையிலும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன்.

முதலில் உங்கள் சாப்பாட்டுப் பட்டியல். கேரளச் சாப்பாடு என்றால் எல்லாம் தேங்காய் என்று நினைத்துக்கொண்டு இலையில் உட்காராதீர்கள். அவியலில் தயிர், காளனில் தயிர், பச்சடியில் தயிர். ஓலன் தேங்காய்ப்பால்தான், ஆனால் எல்லா நாளும் வைக்க மாட்டார்கள். பருப்புப் பிரதமன் பாயசத்தில் தேங்காய்ப்பாலும் வெல்லமும், ஆனால் பருப்பை வறுப்பது நெய்யில். பொரோட்டா மாவில் முட்டையும் பாலும் சேர்க்கிற கடைகள் உண்டு. பிஸ்கட்டில் சைவம் என்று காட்டுகிற பச்சைப் புள்ளியை நம்பினால் அதற்குள்ளே பால்பொடி இருக்கும். ஆப்பம் கேட்டால் கூடவே முட்டைக்கறி வந்து நிற்கும், சொல்லி வாங்க வேண்டும்.

அப்புறம் பால் எதற்கு என்று தலைப்பு வைத்திருக்கிறீர்களே, அதைப் படித்தால் எனக்கு எப்படி இருக்கும்? நீங்கள் ரிப்பேர் பார்க்கிற தோப்புக்கு எருவே என் மாட்டுத் தொழுவத்திலிருந்து போகிறது. சாணி வேண்டும், பால் வேண்டாமா?

மாந்தோப்பு_வேன்:
அக்கா, பட்டியலைத் திருத்தியதற்கு நன்றி. அவியல் எனக்கு ஆறு மாதம் தெரியாது, ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீகன் பொருளுக்கு 2022-ல் அரசு தனி விதியும் பச்சை முத்திரையும் கொண்டுவந்தது. கொல்லங்கோட்டுப் பெட்டிக்கடையில் அந்த முத்திரையைத் தேடினால் கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். அதனால் பாக்கெட் பொருளையே விட்டுவிட்டேன்.

தலைப்பு உங்களைச் சொன்னதல்ல. ஆனால் பாலை விட்டதற்கு வெயில் மட்டும் காரணம் என்று எழுதியது முழு உண்மை இல்லை. ஏப்ரலில் செக்போஸ்ட் பக்கம் டயர் பஞ்சராகி நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு மினி லாரி, பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வருகிறது, பின்னால் கன்றுக்குட்டிகள். ஒரு காளங்கன்று பலகை இடுக்கில் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் காட்டலாம் என்று மக்கைக் கொண்டுபோனேன். குடிக்கத் தெரியவில்லை, மக்கின் விளிம்பைச் சப்பியது, முலை என்று நினைத்து. அன்றைக்குச் சாயங்காலம் டீயை வாங்கிக் கையில் வைத்திருந்தேன், குடிக்கவில்லை. இதை முதலிலேயே எழுதியிருந்தால் உபதேசம் செய்கிறான் என்பீர்கள் என்றுதான் வெயிலைச் சொன்னேன்.

வண்ணாமடை_மாட்டுக்காரி:
காளங்கன்று பிறந்தால் எங்கள் வீட்டிலும் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். ஏர் உழுகிற காலம் போய்விட்டது, டிராக்டர் வந்துவிட்டது, அதை வைத்துத் தீனி போட என்னால் முடியாது. போன ஐப்பசியில் ஒன்றை விற்றேன். எங்கே போகும் என்று எனக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். ரெண்டு நாள் தாய் கத்தியது. மூணாம் நாள் பால் கறந்தேன், சொசைட்டிக்கு ஊற்றினேன், பையனுக்குப் பீஸ் கட்டினேன். நீங்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம், உங்கள் வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது. நான் எங்கே போவேன்?

கம்பத்துக்காரன்:
அக்கா சொன்னதற்கு மேல் நான் தயிரைப் பற்றிப் பேசுவது சரியில்லைதான், இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி. வைட்டமின் பி12-க்கு என்ன செய்கிறீர்கள்? செடி கொடியில் அது நம்பும்படி கிடைக்காது. கடலையைத் தின்று மூளை நரம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாந்தோப்பு_வேன்:
மாத்திரை. மறைக்க ஒன்றுமில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் சாவி மாட்டுகிற ஆணியிலேயே அட்டையும் தொங்குகிறது. புரதத்துக்குக் கவலை இல்லை, 50 கிராம் சோயா உருண்டையில் 25 கிராமுக்கு மேலேயே வரும். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும். பி12 மட்டும் மாத்திரையில்லாமல் நடக்காது, அதை யார் மழுப்பினாலும் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்று, எனக்குப் பால் குடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே ரத்தப் பரிசோதனையில் குறைவாகத்தான் வந்தது. ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராம் சொச்சம் வேண்டும். அதற்குப் பாலை மட்டும் நம்பினால் கிட்டத்தட்ட அரை லிட்டர் குடிக்க வேண்டும். டீயில் ஊற்றுகிற ரெண்டு கரண்டி எந்த மூலைக்கு?

கம்பத்துக்காரன்:
அரை லிட்டரா! நான் வாங்கியதே அரை லிட்டர் பாக்கெட்தானே. தெரியாமலே கணக்கைச் சரியாக வைத்திருக்கிறேன் பாருங்கள். இதோடு நான் ஜெயித்ததாக எழுதிக்கொள்கிறேன்.

மாந்தோப்பு_வேன்:
குமுளியில் நீங்கள் ஜெயித்தீர்கள். கீழே இறங்கி மார்ச் மாதம் மீனாட்சிபுரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அப்புறம் சொல்லுங்கள். தயிர்சோறு மத்தியானத்துக்குள் கள்ளாகிவிடும், லோடு அண்ணனுக்குத்தான் சந்தோஷம்.

லோடு_வண்டி:
பால், தயிர், கன்றுக்குட்டி எல்லாம் பேசியாச்சு. நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. தரையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா?

மாந்தோப்பு_வேன்:
இருக்கிறது அண்ணே, சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, வண்டி வாங்கியபோதே ரெண்டு இடத்தில் போட்டு வலை அடித்தேன் என்று எழுத வந்தேன். எதற்கும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால், ஒன்றின் மேல் அரிசி மூட்டை, இன்னொன்றின் மேல் கொண்டைக்கடலை டின். எத்தனை மாதமாக அப்படி இருந்தது என்று தெரியவில்லை. ரெண்டையும் நகர்த்திவிட்டேன். இன்றைக்கு அடுப்பைக் கீழே இறக்கி, மாமரத்தடியில் வைத்துச் சமைக்கிறேன்.