உதவி தேவை: இரண்டு செஸ் எஞ்சின்கள் ஆடிய ஆட்டத்தை எப்படி வாசிப்பது? +4 காட்டியும் சமனில் முடிந்தது

பரந்தன் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பின்னேரங்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். மனிதர் ஆடிய ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். இப்போது எஞ்சின்கள் (செஸ் ஆடும் கணினி நிரல்கள்) தங்களுக்குள் எப்படி ஆடும் என்று பார்க்க ஆசைப்பட்டதால், லேப்டொப்பில் எஞ்சின்களை மோதவிடும் கியூட் செஸ் மென்பொருளைப் போட்டு ஸ்டொக்ஃபிஷ், லீலா என்ற இரண்டு எஞ்சின்களுக்கும் ஓர் ஆட்டம் வைத்தோம். ஸ்டொக்ஃபிஷ் வெள்ளை, லீலா கறுப்பு, ஆளுக்கு 30 நிமிடம்.

ஆட்டக் கோப்பில் ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் +1.42/31 என்பது போல எஞ்சினின் மதிப்பீடு எழுதப்பட்டிருக்கிறது. அதை எக்ஸலில் போட்டு வரைபடம் கீறினால் அரிவாள் பல் மாதிரி மேலும் கீழுமாகப் போகிறது. முதல் 8 நகர்வுகளுக்கு எண்ணே இல்லை. 41ஆவது நகர்வில் வெள்ளை குதிரையை நகர்த்தியது. அதே நிலையைப் போனில் ஸ்டொக்ஃபிஷ் ஓடும் டிராய்ட்ஃபிஷ் செயலியில் போட்டால் ரூக்கை நகர்த்தச் சொல்கிறது. லேப்டொப்பில் திரும்பப் போட்டால் அங்கேயும் சில வேளை ரூக், சில வேளை குதிரை.

பெரிய குழப்பம் கடைசிப் பகுதியில்தான். 63ஆவது நகர்வோடு வெள்ளையிடம் ராஜாவும் ராணியும் மட்டும். கறுப்பிடம் ராஜா, ஒரு ரூக், ஈ7இல் ஒரு சிப்பாய். ஸ்டொக்ஃபிஷ் தனக்கு +4.10 என்று காட்டியது. அதற்குப் பிறகு ஒரு காயும் வெட்டுப்படவில்லை, 113இல் ஐம்பது நகர்வு விதிப்படி (50 நகர்வுக்கு வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாவிட்டால் சமன்) ஆட்டம் முடிந்தது. "ரீச்சர், இவ்வளவு முன்னுக்கு நின்ற எஞ்சின் ஏன் வெல்லவில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவளுக்குச் சரியான விளக்கம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

வவுனிக்குளம்:

ரீச்சர், வரைபடத்தை முதலில் சரிபண்ணுவோம், அது இலகு. கியூட் செஸ் எழுதும் எண் நகர்த்திய எஞ்சினின் பக்கத்திலிருந்து சொல்லப்படுவது. வெள்ளை நகர்த்திய பின் +1.42 என்றால் வெள்ளைக்கு நல்லது. கறுப்பு நகர்த்திய பின் -0.61 என்றாலும் வெள்ளைக்குத்தான் நல்லது, லீலா தன் நிலை மோசம் என்கிறது. கறுப்பின் எண்கள் எல்லாவற்றையும் -1ஆல் பெருக்கிவிட்டுத் திரும்பக் கீறுங்கள். லிசெஸ் போன்ற இணையச் செஸ் தளங்கள் எப்போதும் வெள்ளையின் பக்கத்திலிருந்தே காட்டும், அதனால்தான் அங்கே இந்தப் பிரச்சினை தெரிவதில்லை.

சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள 31 என்பது ஆழம், அதாவது எஞ்சின் எவ்வளவு தூரம் முன்னுக்குப் பார்த்தது என்பது. இரண்டு எஞ்சின்களின் ஆழத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஸ்டொக்ஃபிஷ் பல கிளைகளை வெட்டிவிட்டு ஆழமாக ஓடும். லீலா நரம்பு வலையமைப்பால் ஒவ்வொரு நிலையையும் மெதுவாக எடைபோடும். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லேப்டொப்பில் லீலாவின் வேகம் படுத்துவிடும், ஆகவே இந்த ஆட்டத்தை வைத்து எது பலசாலி என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்.

எண் இல்லாத 8 நகர்வுகள் திறப்புப் புத்தகத்திலிருந்து (முன்கூட்டியே சேமித்து வைத்த தொடக்க நகர்வுகளிலிருந்து) வந்தவை, எஞ்சின் யோசிக்கவே இல்லை. 2010இல் தொடங்கிய டிசெக் எஞ்சின் போட்டியிலும் திறப்பை நடத்துபவர்கள்தான் கொடுப்பார்கள். ஒரே திறப்பை நிறம் மாற்றி இரண்டு தரம் ஆடவிடுவார்கள். நீங்களும் நிறம் மாற்றி இன்னோர் ஆட்டம் வையுங்கள்.

பரந்தன் ரீச்சர்:

நன்றி தம்பி. இப்போது இரண்டு கோடும் ஒரே பக்கம் போகின்றன. ஆனால் 30இலிருந்து 45 வரை ஸ்டொக்ஃபிஷின் கோடு லீலாவின் கோட்டை விட உயரத்தில் நிற்கிறது. இது அளவின் வித்தியாசமா, உண்மையான கருத்து வேறுபாடா?

வவுனிக்குளம்:

இரண்டும் இருக்கலாம். ஸ்டொக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து, அதாவது 2022 டிசம்பரிலிருந்து, +1.00 என்றால் தனக்குத் தானே ஆடும்போது வெல்லும் வாய்ப்பு 50% என்று அளவை மாற்றிவிட்டார்கள். அது ஒரு சிப்பாய் முன்னுக்கு என்ற பழைய பொருள் இல்லை. லீலா உள்ளுக்குள் வெற்றி வாய்ப்பைத்தான் கணிக்கிறது, சிப்பாய்க் கணக்கு வெளியே காட்டுவதற்காக மாற்றப்படுவது. இரண்டிலும் வெற்றி, சமன், தோல்வி மூன்றையும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று காட்டும் தெரிவு உண்டு. அதைப் போட்டு ஒப்பிட்டால்தான் நியாயம்.

என்னைக் கேட்டால் எஞ்சின் ஆட்டத்தில் தேட வேண்டிய இடமே அதுதான். மனித ஆட்டத்தில் எங்கே பிழைத்தது என்று தேடுவோம். எஞ்சின்கள் அப்படிப் பட்டென்று பிழைப்பது குறைவு. இரண்டும் எந்த நகர்விலிருந்து ஒத்துப்போகாமல் பிரிகின்றன, பின்னர் யார் யாருடைய கருத்துக்கு இறங்கி வருகிறார்கள் என்று பாருங்கள். அங்கேதான் ஆட்டத்தின் உயிர் இருக்கும்.

முத்தையன்கட்டு:

41ஆவது நகர்வு பற்றி நான் சொல்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட திரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் தேடல் வேலை) ஓடும்போது ஸ்டொக்ஃபிஷ் ஒவ்வொரு முறையும் அச்சொட்டாக ஒரே விடை தராது. திரெட்கள், பார்த்த நிலைகளைக் குறித்து வைக்கும் ஒரே ஹாஷ் நினைவகத்தில் எழுதி வாசிப்பதால், எது முந்தியது என்பதைப் பொறுத்துத் தேடலின் வழி மாறும். முன்பு பார்த்த நிலைகளின் மிச்சமும் ஹாஷில் கிடக்கும். போனில் பதிப்பும் வேறாக இருக்கலாம். மாற்றாமல் விட்டால் ஸ்டொக்ஃபிஷ் 1 திரெட், 16 எம்பி ஹாஷில்தான் ஓடும்.

ஒரே விடை வேண்டுமென்றால் 1 திரெட், ஹாஷை அழித்துவிட்டு, நேரத்துக்குப் பதிலாக நோட் எண்ணிக்கையை (தேட வேண்டிய நிலைகளின் எண்ணிக்கையை) கட்டிவிடுங்கள். நேரம் கொடுத்து ஆடவிட்டால் இங்கே இன்னொரு சிக்கல்: கரண்ட் போய் லேப்டொப் பேட்டரிக்கு மாறினால் வேகம் விழும், ஆட்டத்தின் ஒரு பாதி ஒரு தரத்திலும் மறுபாதி வேறொரு தரத்திலும் இருக்கும். எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் பாண்டர் வசதியையும் நிறுத்திவிடுங்கள். ஒரே லேப்டொப்பில் இரண்டும் ஒன்றின் புரொசசர் கோர்களை மற்றது பறித்துக்கொள்ளும்.

ஆனால் குதிரையா ரூக்கா என்பதில் அதிகம் மினக்கெட வேண்டாம் என்பது என் எண்ணம். முதல் மூன்று நகர்வுகளையும் சேர்த்துக் காட்டும் மல்டிபிவியைப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் 0.05 அளவுதான் வித்தியாசம் என்றால் இரண்டுமே நல்ல நகர்வு.

வவுனியா வாசகன்:

ரீச்சர், அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். மிக நல்ல கேள்வி அது. வெள்ளை வெல்ல முடியாது, கறுப்பு கோட்டை கட்டிவிட்டது, அதாவது பலமான எதிராளியாலும் உடைத்து உள்ளே புக முடியாத தற்காப்பு அமைப்பு.

பலகையில் வைத்துக் காட்டுங்கள். சிப்பாய் ஈ7இல், கறுப்பு ராஜா அதற்குப் பின்னால் ஒட்டி நிற்கிறது. ரூக் டி6க்கும் எஃப்6க்கும் மாறி மாறிப் போகிறது. இரண்டு கட்டங்களையும் சிப்பாய் காக்கிறது, சிப்பாயை ராஜா காக்கிறது. ஆறாவது வரிசை முழுவதும் ரூக்கின் கையில், குளக்கட்டு மாதிரி. வெள்ளை ராஜா அதைத் தாண்டி மேலே ஏற முடியாது. தனி ராணியால் செக் மட்டும் கொடுக்கலாம், ராஜாவின் துணையில்லாமல் ஒன்றையும் உடைக்க முடியாது. சிப்பாய் தன் தொடக்க வரிசையிலேயே நிற்க வேண்டும், அதோடு ஓரத்துச் சிப்பாயாக இருக்கக் கூடாது. பி முதல் ஜி வரை எந்தக் கோட்டிலும் இது நிற்கும்.

அப்படியென்றால் +4.10 எங்கிருந்து வந்தது? ராணி ரூக்கையும் சிப்பாயையும் விடப் பெறுமதியானது என்பதால் மதிப்பீடு உயர்கிறது. முன்னேற வழியே இல்லை என்பதை உணர 50 நகர்வு தூரம் பார்க்க வேண்டும், தேடல் அவ்வளவு தூரம் போகாது. ஒன்றைக் கவனியுங்கள்: 63இலிருந்து 113 வரை அந்த எண் மெல்ல மெல்ல இறங்கியிருக்கும். வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் நகர்வுகள் கூடக் கூட ஸ்டொக்ஃபிஷ் தன் மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டே வரும்படி எழுதப்பட்டிருக்கிறது. பலகையில் ஒன்றும் மாறாமல் எண் மட்டும் கரைந்தால் கோட்டை என்று சந்தேகப்படலாம்.

இதற்கு மேல் ஊகம் தேவையில்லை. இது 5 காய் நிலை. சிசிஜி முடிவாட்ட அட்டவணையில் 7 காய் வரை எல்லா நிலைக்கும் தீர்ப்பு இருக்கிறது. லிசெஸ் பகுப்பாய்வுப் பலகையில் புத்தகம் போன்ற குறியை அழுத்தினால் இலவசமாகப் பார்க்கலாம். பின்னாலிருந்து முன்னால் போங்கள், சமன் எங்கே வெற்றியாக மாறுகிறது என்று கண்டுபிடியுங்கள்.

பரந்தன் ரீச்சர்:

பார்த்தேன் அண்ணா, உடம்பு சிலிர்த்துவிட்டது. 63க்குப் பிறகு எல்லாம் சமன். 62இன் முடிவில் 7 காய்கள், வெள்ளை நகர்த்த வேண்டிய அந்த நிலை வெள்ளைக்கு வெற்றி! தன் கடைசிச் சிப்பாயைக் கறுப்பின் இன்னொரு சிப்பாயோடு மாற்றாமல், ராணியை ஒரு கட்டம் பின்னுக்கு எடுப்பதுதான் வெல்லும் நகர்வாம். எண்ணும் நீங்கள் சொன்னபடியே இறங்கியிருக்கிறது. லீலா அந்த இடத்தில் ஸ்டொக்ஃபிஷில் பாதியளவுதான் காட்டியது. இதையே பிள்ளைகளிடம் கொடுத்து, ஒருவர் ராணியோடும் மற்றவர் கோட்டைக்குள்ளும் ஆடச் சொல்லப் போகிறேன்.

ஒரு கேள்வி மட்டும்: அட்டவணை எஞ்சினின் கையிலேயே இருந்திருந்தால்?

வவுனியா வாசகன்:

அந்த மாற்றத்தைச் செய்திருக்காது. 5 காய் வரை உள்ள கோப்புகள் கிட்டத்தட்ட 1 ஜிபி, அதுவே இந்த ஆட்டத்துக்குப் போதும், மாற்றினால் வருவது 5 காய் நிலைதானே. 6 காய்க்கு 150 ஜிபி அளவு வேண்டும், அது வேண்டாம். டேட்டா செலவழிக்காதீர்கள், என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கிளிநொச்சி வரும்போது பென் ட்ரைவில் கொண்டுவருகிறேன். ஒரு ஃபோல்டரில் போட்டு, எஞ்சின் அமைப்பில் சிசிஜி பாத் என்ற இடத்தில் அந்த ஃபோல்டரின் முகவரியைக் கொடுங்கள். பிறகு 62ஆவது நிலையை ஓடவிட்டு டிபிஹிட்ஸ் (எஞ்சின் அட்டவணையை எத்தனை தரம் பார்த்தது) என்ற எண்ணைப் பாருங்கள். அது 0இலேயே நின்றால் முகவரி பிழை. ஏறத் தொடங்கினால் வேலை செய்கிறது.