ஜீப் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றித் துரு நீக்கியவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோத்தகிரி வாசி:
அப்பாவின் சிஜே3பி ஜீப் ஐந்து வருடம் கொட்டகையில் நின்றது, கால் டேங்க் பெட்ரோலோடு. எடுத்த முதல் நாளே குஞ்சப்பனை ஏற்றத்தில் இரண்டு முறை அணைந்தது. பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் ராகி மாவைக் கரைத்து ஊற்றியது போல வண்டல். ஓட்டுநர் இருக்கையைத் தூக்கி, பட்டைகளை அவிழ்த்து டேங்க்கை வெளியே எடுத்தேன். வினிகரை நிரப்பி இரண்டு நாள் வைத்தேன். பிறகு ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டு, தோள் கழன்றுவிடும் அளவுக்குக் குலுக்கினேன்.

மூன்று முறை தண்ணீர் விட்டு அலசியபின், அளவுமானியின் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தால் அடித்தகடு முழுக்கச் செம்மஞ்சள். விரலை விட்டுத் தடவினேன், குங்குமம் தொட்டது போல ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் வேலை ஒரு சாப்பாட்டு நேரத்தில் போனது இன்னும் ஆறவில்லை.

ஏற்காடு ஜிப்ஸி:
உள்ளே பார்ப்பவர்கள் வெளியே பார்ப்பதில்லை. என் ஜிப்ஸியின் டேங்க் உள்ளே சுத்தமாகவே இருந்தது. ஆனால் அதன் அடியில் இருக்கும் காப்புத் தகட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவே பல மழைக்காலத்துச் சேறு கெட்டியாக உறைந்திருந்தது. அதைச் சுரண்டும்போது ஸ்க்ரூடிரைவர் நுனி அப்பளத்தில் இறங்குவது போல உள்ளே போய்விட்டது. நான் அழுத்தவே இல்லை. அந்தப் பக்கத்தில் அதுவரை பெட்ரோலைத் தடுத்து நிறுத்தியது தகடு அல்ல, பெயின்ட்தான்.

கோத்தகிரி நண்பருக்கு ஒன்று: வினிகருக்குப் பிறகு வெறும் தண்ணீர் ஊற்றியதுதான் தவறு.

கம்பம் பள்ளத்தாக்கு:
தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள், பயப்பட வேண்டியது நெருப்புக்குத்தான். நான் பார்த்ததைக் கேளுங்கள். ஓட்டை விழுந்த டேங்க்கை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெட்ரோலை வடித்து இரண்டு நாள் ஆகிவிட்டது, மூடியும் திறந்தே கிடந்தது. “காலி டேங்க்தானே அண்ணா” என்று அந்தத் தம்பி தீக்கொழுந்தை அருகே கொண்டுபோனான். பெரிய வெடிச்சத்தம்கூட இல்லை, ‘புஸ்’ என்று ஓர் ஓசை. அளவுமானித் துளையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நீல நாக்கு வெளியே வந்து மறைந்தது. அவன் முகம் அந்தத் துளைக்கு நேராக இல்லை, ஒரு சாண் விலகி இருந்தது. ஒரு சாண்தான். நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மூன்று வருடம் ஆகிறது, அந்தப் பட்டறை வழியாகப் போகும்போதெல்லாம் அவன் இருக்கிறானா என்று எட்டிப் பார்க்கிறேன்.

பழைய மெக்கானிக், பொள்ளாச்சி:
கம்பம் நண்பரே, காலி டேங்க் என்பதால்தான் பற்றியது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் தீப்பிடிக்கும். நிறைந்த டேங்க்கில் ஆவி அதைவிட அடர்த்தி. வடித்து வைத்த டேங்க்தான் சரியாக அந்த அளவுக்கு இறங்கி வரும். மூடியைத் திறந்து வைத்தால் போதாது, காற்றைவிடக் கனமான ஆவி அடியிலேயே படுத்திருக்கும். நெருப்பில்லாத ஈயப்பற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். நானும் இளம் வயதில் ஒரு முறை முன்கை ரோமம் கருகி நின்றிருக்கிறேன்.

கோத்தகிரி தம்பி கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கழற்றும் முன் பேட்டரி வயரை எடுங்கள், வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். முதலில் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள், பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் பிடிக்காது. அமிலத்துக்குப் பிறகு சமையல் சோடா கரைசல், அதன் பிறகு தண்ணீர். தண்ணீரைக் கொட்டிய கையோடு ஸ்பிரிட்டை ஊற்றிச் சுழற்றி வடித்து, வெறும் காற்றை ஊதி உலர்த்த வேண்டும். ஸ்பிரிட் ஆவியும் தீப்பிடிக்கும் என்பதால் சூடான காற்று கூடாது. நடுவில் சாப்பிடப் போகக் கூடாது தம்பி, சுத்தமான ஈர இரும்பு காத்திருக்காது. கடைசியாகப் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துருமாற்றி போட்டால் மிச்சத் துரு கறுத்து இறுகும்.

உள்பூச்சு போடுவதாக இருந்தால் அவசரம் வேண்டாம். ஈரமோ பிசுக்கோ துளி இருந்தாலும் பூச்சு ஏடு ஏடாக உரிந்து குழாயை அடைக்கும், அது துருவைவிட மோசம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வகைப் பூச்சுகள் சில அதில் இளகிவிடும். எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அளவு மிஞ்சினால் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். மலையில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு அரை டேங்க் ஆகாது.

ஏற்காடு ஜிப்ஸி:
ஐயா, எல்லாம் சரி. ஆனால் வெளிப்பக்கத்தை நீங்களும் விட்டுவிட்டீர்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோத்தகிரி வாசி:
தூக்கிப் பார்த்தேன் அண்ணா. ரப்பருக்கு அடியில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது, நகத்தால் கீறினால் தூளாக உதிர்கிறது. டேங்க் இப்போது திண்ணையில் கிடக்கிறது. ஸ்பிரிட் இரண்டு லிட்டர் வாங்கிவிட்டேன். ஞாயிறு காலை, அம்மாவிடம் சாப்பாடு தாமதமாகும் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.